மேலே பொன்னிறம், உள்ளே கூழ்: பழக் காப்ளரின் கோளாறுகளும் தீர்வுகளும்

காப்ளர் பார்வைக்குச் சாதுவான இனிப்பு. அடியில் நறுக்கிய பழம், மேலே கரண்டி கரண்டியாக எடுத்துப் போட்ட மாவு, அப்படியே ஓவனுக்குள். மாவை உருட்டி, விரித்து, விளிம்பை மடித்து அழகு பார்க்கும் வேலை எதுவும் இல்லை. முதல்முறை செய்பவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். ஏமாந்து போவதும் அதனால்தான். ஒரே பாத்திரத்தில் இரண்டு சமையல் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கிறது. கீழே பழம் கொதித்துச் சாறு கெட்டிப்பட வேண்டும்; மேலே மாவு உப்பி வெந்து உலர வேண்டும். கீழே இருப்பது ஆவியை விட்டுக்கொண்டே இருக்கிறது, மேலே இருப்பது அதற்கு மூடிபோல உட்கார்ந்திருக்கிறது. கோளாறுகளில் பாதிக்குமேல் இந்தச் சண்டையில் பிறப்பவைதான்.

ஒவ்வோர் அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பாத்திரத்தில் என்ன நடந்ததோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். அதற்குமுன் ஓர் அடிப்படை அளவு வேண்டும். எதோடு ஒப்பிட்டுத் தவறு என்கிறோம் என்பது தெரிய வேண்டுமல்லவா? 23 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள பாத்திரத்துக்குச் சுமார் 1 கிலோ நறுக்கிய பழம், 100 முதல் 150 கிராம் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. மேலே போடுவதற்கு 200 கிராம் மைதா, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, 50 கிராம் சர்க்கரை, குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம், பால் ஏறக்குறைய 150 மி.லி. ஓவன் 190 டிகிரி செல்சியஸ். விசிறி சுழலும் ஓவன் என்றால் 170. நேரம் 40 முதல் 50 நிமிடம்.

கார்ன்ஃப்ளார் என்று நான் சொல்வது விரலிடுக்கில் கிறீச்சிடும் வெள்ளை மாவுச்சத்தை. மஞ்சளான மக்காச்சோள மாவைப் போட்டுவிட்டுச் சாறு கெட்டியாகவில்லை என்று குழம்பியவர்களை எனக்குத் தெரியும்.

மேலே சிவந்துவிட்டது, மாவின் அடிப்பக்கம் பச்சையாக இருக்கிறது

அதிகம் பேர் முறையிடும் கோளாறு இது. கரண்டியால் எடுத்துப் புரட்டினால், பழத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் வெள்ளையாக, பிசுபிசுவென்று, களிபோல இருக்கும். மேல்பக்கமோ படம் எடுத்து மாட்டலாம் போல இருக்கும். நிறத்தைப் பார்த்து ஓவனை அணைத்ததுதான் தவறு என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. உண்மையான தவறு, நாற்பது நிமிடத்துக்கு முன்னால் குளிர்ந்த பழத்தின்மேல் மாவைப் போட்டபோதே நடந்துவிட்டது.

ஒரு கிலோ பழம் என்பது பெரும்பாலும் தண்ணீர். அது சூடேற நெடுநேரம் ஆகும். அதுவரை மாவின் மேல்பக்கம் சூடான காற்றில் வெந்துகொண்டிருக்க, அடிப்பக்கம் குளிர்ந்த சாற்றில் ஊறிக்கொண்டிருக்கும். பழம் கொதிக்கத் தொடங்கும்போது அடியிலிருக்கும் மாவு ஏற்கெனவே சாற்றைக் குடித்து வீங்கியிருக்கும். அதன் பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது பஞ்சாக மாறாது.

தீர்வு எளிது. பழத்தை மட்டும் முதலில் ஓவனில் 15 நிமிடம் வையுங்கள். விளிம்பில் குமிழி தெரிய வேண்டும். அதற்குள் மாவைத் தயார் செய்துகொண்டு, பாத்திரத்தை வெளியே எடுத்து, கொதிக்கும் பழத்தின்மேல் மாவைப் போட்டு உடனே உள்ளே தள்ளுங்கள். அடிப்பக்கம் விழுந்த நொடியிலிருந்தே ஆவியில் வேகத் தொடங்கிவிடும். உறைந்த பழமாக இருந்தால் இந்த முன்வேகவைத்தலுக்கு 25 நிமிடம்கூட ஆகலாம். கடிகாரத்தைவிடக் குமிழியை நம்புங்கள்.

இன்னொன்று: மாவைப் பாய் விரித்ததுபோல முழுவதும் மூடாதீர்கள். எலுமிச்சை அளவு உருண்டைகளாக, இடையிடையே விரல் நுழையும் இடைவெளி விட்டுப் போடுங்கள். ஆவி வெளியேற வழி வேண்டும். உருண்டை பெரிதாகப் பெரிதாக நடுப்பகுதி வேகத் தாமதமாகும், 2 செ.மீ. உயரத்துக்குமேல் தேவையே இல்லை.

வெந்துவிட்டதா என்று பார்க்க, பாத்திரத்தின் நடுவிலிருக்கும் உருண்டையைக் கத்தி நுனியால் பிளந்து பாருங்கள். ஓர உருண்டையைச் சோதித்துப் பயனில்லை, அது எப்போதும் முதலில் வெந்துவிடும். உணவு வெப்பமானி இருந்தால் நடு உருண்டையின் உள்ளே 93 டிகிரி காட்ட வேண்டும். ஒரு வெப்பமானி வாங்கிய பிறகு என் சமையலறையில் வாக்குவாதங்களே குறைந்துவிட்டன.

இப்போதே மேசையில் பாதி வெந்த காப்ளர் இருக்கிறதா? அலுமினியத் தாளைக் கூடாரம் போலத் தளர்வாக மூடி, 175 டிகிரியில் இன்னும் 15 நிமிடம் வையுங்கள். மாவு முழுப் பஞ்சாக வராது. ஆனால் பச்சை மாவாகவும் இருக்காது. பச்சை மைதாவில் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் ‘பரவாயில்லை, அப்படியே சாப்பிடலாம்’ என்று விட்டுவிட வேண்டாம்.

வெட்டினால் சாறு ஆறாக ஓடுகிறது

முதலில் ஒரு கேள்வி: எடுத்து எத்தனை நிமிடம் ஆயிற்று? ஓவனிலிருந்து வந்த சூட்டில் எந்தக் காப்ளரும் நீர்த்துத்தான் இருக்கும். மாவுச்சத்து கொதியில் வீங்குகிறது, ஆறும்போதுதான் இறுகுகிறது. குறைந்தது 30 நிமிடம், முடிந்தால் 45 நிமிடம் காத்திருங்கள். வாசனை வீட்டை நிறைத்திருக்கும்போது இது கொடுமையான அறிவுரைதான், எனக்கும் தெரியும்.

அரை மணி கழித்தும் ஓடுகிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது, சாறு கொதிக்கவே இல்லை. கார்ன்ஃப்ளார் ஏறக்குறைய 62 டிகிரியில் வீங்கத் தொடங்கினாலும், கொதிநிலையை நெருங்கினால்தான் முழுமையாகக் கெட்டிப்படும். ஓரத்தில் மட்டும் குமிழி வந்து நடுவில் வரவில்லை என்றால், பாத்திரத்தின் நடுப்பகுதி தண்ணீராகவே நிற்கும். நடுவிலும் குமிழி வர வேண்டும். அந்தக் குமிழியும் ‘சளசள’வென்று வேகமாக வெடிக்காமல், தேன் கொதிப்பதுபோல மந்தமாக எழுந்து மெதுவாக அமுங்க வேண்டும். இந்த ஒரு அடையாளத்தைக் கண் பழகிக்கொண்டால், நேரக் கணக்கையே மறந்துவிடலாம். சாறு கொதிக்காத காப்ளரில் இன்னோர் அறிகுறியும் இருக்கும்: நாக்கில் சுண்ணாம்புப் பொடி தடவியது போன்ற பச்சை மாவுச் சுவை.

இரண்டாவது, பழத்தின் சாறு அளவுக்கு மிஞ்சியது. ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, நன்கு பழுத்த பீச் இவற்றுக்கு 2 மேசைக்கரண்டி போதாது, 3 வேண்டும். ஆப்பிளுக்கு ஒன்றே தாராளம். உறைந்த பழம் தனிக் கதை. உறையும்போது உள்ளே உருவாகும் பனிப் படிகங்கள் பழத்தின் செல் சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. உருகியதும் உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிடும். ஆகவே உருகவிட்டு வடிகட்டி, வடிந்த சாற்றை மட்டும் அடுப்பில் பாதியாகச் சுண்டவைத்துப் பழத்தோடு சேர்த்துவிடுங்கள். சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், சுவை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

புதுப் பழத்துக்கும் இதே உத்தி உதவும். சர்க்கரை கலந்து அரை மணி நேரம் வைத்தால் பழம் தானாகவே சாறு விடும். அந்தச் சாற்றைச் சுண்டவைத்துச் சேர்த்தால், தண்ணீர்த்தன்மை போய்ப் பழச்சுவை இரட்டிப்பாகும். இந்தக் கூடுதல் வேலையைப் பீச்சுக்கு மட்டும் நான் தவறாமல் செய்வேன்.

மூன்றாவது, கெட்டிப்படுத்தும் பொருளை மாற்றியது. கார்ன்ஃப்ளாருக்குப் பதில் மைதா போட்டால் இரு மடங்கு வேண்டும், சாறும் கலங்கலாகத் தெரியும். மரவள்ளி மாவுச்சத்து கண்ணாடிபோலப் பளபளக்கும், குறைந்த சூட்டிலேயே கெட்டிப்படும். அதிகமானால் நூல் நூலாக இழுக்கும். காப்ளரை உறைய வைத்துப் பின்னாளில் சாப்பிடும் எண்ணமிருந்தால் மரவள்ளியே நல்லது. கார்ன்ஃப்ளாரில் கெட்டிப்பட்ட சாறு உறைந்து உருகும்போது தண்ணீரைக் கக்கிவிடும்.

உடனடி மீட்பு: ஓரமாக ஓர் உருண்டையைத் தூக்கி, சாற்றைக் கரண்டியால் எடுத்துச் சிறு வாணலியில் ஊற்றுங்கள். ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரை ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்துச் சேர்த்து, ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, அதே ஓரம் வழியாகத் திரும்ப ஊற்றிவிடலாம். விருந்தினர் யாருக்கும் தெரியாது.

சாற்றில் வெள்ளைக் கட்டிகள்

கார்ன்ஃப்ளாரை நேராகச் சூடான அல்லது ஈரமான பழத்தின்மேல் தூவியிருப்பீர்கள். முதலில் சர்க்கரையோடு உலர்ந்த நிலையில் கலந்து, பிறகு பழத்தில் சேருங்கள். அவ்வளவுதான்.

மேல்மாவு கெட்டியாக, இழுவையாக இருக்கிறது

மாவில் பால் பட்ட பிறகு நீங்கள் எத்தனை முறை கிண்டினீர்கள் என்பதே இங்கே கேள்வி. மைதாவும் ஈரமும் சேர்ந்து அசைய அசைய குளூட்டன் என்ற மாவுப் புரதத்தின் வலை இறுகிக்கொண்டே போகும். ரொட்டிக்கு அது வேண்டும், இங்கே வேண்டாம். பால் ஊற்றியதும் முள்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டினால் போதும். அங்கங்கே உலர்ந்த மாவு தெரியலாம், வெண்ணெய்த் துணுக்குகள் தெரியலாம், மொத்தத்தில் அரைகுறையாகவே இருக்கலாம். அழகாகத் திரண்டு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். கையால் பிசையவே கூடாது. பிசைந்து பழகிய கைக்கு இதை நிறுத்துவது கொஞ்சம் கடினம்.

வெண்ணெய் உருகியிருந்தாலும் இப்படி ஆகும். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். குளிர்ந்த துணுக்கு ஓவனுக்குள் உருகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவுக்குள் சிறுசிறு வெற்றிடங்களை உண்டாக்குகிறது. நொறுநொறுப்பு அங்கிருந்துதான் வருகிறது. முன்பே உருகி மாவில் கலந்துவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். சமையலறை சூடாக இருந்தால், வெண்ணெயைத் துருவி உறைபெட்டியில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள்.

மாவு உப்பவில்லை

பேக்கிங் பவுடர் டப்பா எப்போது திறந்தது என்று நினைவில்லையா? கால் கப் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி போடுங்கள். பொங்கி நுரைத்தால் உயிரோடு இருக்கிறது. சோம்பலாக நாலைந்து குமிழி விட்டால் தூக்கிப் போடுங்கள். சோடா உப்பாக இருந்தால் வெந்நீருக்குப் பதில் வினிகரில் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அது புளிப்பு பட்டால்தான் வேலை செய்யும்.

பவுடர் நன்றாக இருந்தும் உப்பவில்லை என்றால், மாவைக் கலந்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பீர்கள். ஈரம் பட்டவுடனேயே வாயு வெளிவரத் தொடங்கிவிடும். அரை மணி காத்திருந்த மாவில் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டிருக்கும். கலந்ததும் ஓவனுக்குள் போக வேண்டும், அந்த ஓவனும் முன்பே சூடாகியிருக்க வேண்டும்.

புளூபெர்ரியைச் சுற்றி மாவு பச்சை நிறமாகிவிட்டது, சோப்பு போலவும் இருக்கிறது

முதன்முதலில் இதைப் பார்த்தபோது பூஞ்சை என்று நினைத்து முழுப் பாத்திரத்தையும் கொட்டிவிட்டேன். இன்றுவரை அந்த வருத்தம் இருக்கிறது. அது பூஞ்சை அல்ல. புளூபெர்ரி, கருஞ்செர்ரி போன்றவற்றின் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற பொருள், புளிப்பில் சிவப்பாகவும் காரத்தன்மையில் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். சோடா உப்பு காரத்தன்மை கொண்டது. அளவு மிஞ்சினால், அதை ஈடுகட்டப் புளிப்பு போதாவிட்டால், மிஞ்சிய சோடா பழச்சாற்றைத் தொட்ட இடமெல்லாம் பச்சை. சோப்புச் சுவைக்கும் அதே காரணம். சாப்பிட்டால் கெடுதல் ஒன்றுமில்லை. சுவை மட்டும் பிடிக்காமல் போகலாம்.

அடுத்த முறை கால் தேக்கரண்டி சோடா உப்புக்குப் புளித்த கெட்டி மோர் 120 மி.லி. என்ற கணக்கைத் தாண்டாதீர்கள். அல்லது சோடாவை விட்டுவிட்டுப் பேக்கிங் பவுடரோடு நிறுத்துங்கள், அதற்குள்ளேயே தேவையான புளிப்புப் பொருள் இருக்கிறது.

மேலே கருகுகிறது, அல்லது வெளிறியே கிடக்கிறது

கருகினால் ஓவன் சொல்வதை நம்பாதீர்கள். வீட்டு ஓவன்களின் முகப்பில் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் நல்ல வித்தியாசம் இருப்பது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் சிறு வெப்பமானி இதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதுவரை பாத்திரத்தை நடுத்தட்டில் வையுங்கள். நிறம் வந்து, குமிழி வராமல் இருந்தால் அலுமினியத் தாளால் மூடிவிட்டு வேகவிடுங்கள்.

வெளிறினால், போடும்போதே மேலே கொஞ்சம் பால் அல்லது க்ரீம் தடவி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை தூவுங்கள். மோர் அதிகமுள்ள மாவு புளிப்பின் காரணமாக நிறம் பிடிக்கத் தாமதமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழம் கடினமாக இருக்கிறது, அல்லது கரைந்து காணாமலே போய்விட்டது

ஆப்பிளும் காயான பேரிக்காயும் பீச்சின் வேகத்தில் வேகாது. அரை செ.மீ. கனத்துக்கு நறுக்கி, வாணலியில் சிறிது வெண்ணெயோடு ஏழெட்டு நிமிடம் வதக்கிவிட்டுப் பாத்திரத்தில் சேருங்கள். எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாக ஊற்றியிருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம்: பழத்தைக் கட்டி நிறுத்தும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது. கரைந்துபோகும் பழத்துக்கு இதையே திருப்பிப் போடலாம். சற்றே காய்வாட்டான பழத்தைத் தேர்ந்தெடுத்து, பெரிய துண்டுகளாக நறுக்கி, எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டுங்கள். இரண்டு பழங்களைக் கலந்து செய்வதானால் கடினமானதை முதலில் வேகவையுங்கள். மென்மையான பெர்ரிகளை மாவு போடுவதற்குச் சற்று முன் சேர்த்தால் போதும்.

கரைத்த மாவில் செய்தேன், அடியில் வெண்ணெய் குளமாக நிற்கிறது

இது இன்னொரு வகைக் காப்ளர். பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, அதன்மேல் தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியான கரைசலை ஊற்றி, அதன்மேல் பழத்தைப் பரப்பி, கிண்டாமல் வேகவைப்பது. மாவு தானாகவே மேலே எழுந்து பழத்தைச் சூழ்ந்துகொள்ளும். பார்க்க வித்தைபோல இருக்கும்.

கிண்டிவிட்டால் வித்தை கெட்டது. கரைசல் வெண்ணெயோடு கலந்து, ஓரத்தில் வரவேண்டிய மொறுமொறுப்பு வராது. வெண்ணெய் குளமாக நிற்பதற்குப் பெரும்பாலும் ஓவன் முழுச் சூடாவதற்குள் பாத்திரத்தை வைத்ததே காரணம். மாவு இறுகி வெண்ணெயை உறிஞ்சுவதற்குமுன் அது பிரிந்துவிடுகிறது. பழம் அதிகமானாலும் இந்த வகை தாங்காது. எடை தாளாமல் மாவு எழும்பாமல் கீழேயே கிடந்து களியாகிவிடும். முன்னே சொன்ன 1 கிலோவுக்குப் பதில் அரைக் கிலோவோடு நிறுத்துங்கள்.

ஓவன் முழுக்க வழிந்து புகைகிறது

பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரப்பாதீர்கள். அடித்தட்டில் ஒரு பேக்கிங் ட்ரேயை வைத்துவிட்டால் சிந்துவது அதில் விழும். வழிந்த சர்க்கரையை ஓவன் ஆறிய பிறகே துடைக்கப் பாருங்கள்.

கண்ணாடிப் பாத்திரம் பற்றி ஓர் எச்சரிக்கை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தைச் சூடான ஓவனில் நேராக வைத்தால் வெடிக்கக்கூடும். சூடான பாத்திரத்தை ஈரமான மேடையில் வைப்பதும் அதே ஆபத்து. முன்வேகவைத்தலுக்கு நடுவே வெளியே எடுக்கும்போது உலர்ந்த துணியின்மேலோ கம்பித் தாங்கியின்மேலோ வையுங்கள்.

இரும்புச் சுவை அடிக்கிறது

புளிப்பான பழத்தைப் பூச்சில்லாத அலுமினியத்திலோ எண்ணெய் ஊறாத இரும்புச் சட்டியிலோ செய்திருப்பீர்கள். பீங்கான், கண்ணாடி, எனாமல் பூசிய பாத்திரம் எதிலும் இந்தத் தொல்லை இல்லை.

மறுநாள் மேலே நமத்துப்போய்விட்டது

ஆறுவதற்குமுன் மூடிவிட்டீர்கள், ஆவி திரும்ப மாவின்மேலேயே சொட்டியிருக்கும். முழுதாக ஆறவிட்டு மூடினாலும் ஓரளவு நமத்துத்தான் போகும். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருப்பதை யாரும் தடுக்க முடியாது. வெளியே 2 மணி நேரத்துக்குமேல் வைக்காமல் குளிர்பதனப் பெட்டிக்குள் மாற்றிவிட்டால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

சூடுபடுத்த மைக்ரோவேவ் வேண்டாம், அது மாவை இன்னும் தொளதொளப்பாக்கும். தேவையான அளவை ஓவனுக்குத் தாங்கும் சிறு பாத்திரத்தில் எடுத்து, மூடாமல் 175 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். மேல்பக்கம் மறுபடி மொறுமொறுக்கும். சாறு முதல்நாளைவிடக் கெட்டியாகவும் இருக்கும். மறுநாள் காப்ளர்தான் எனக்கு அதிகம் பிடிக்கும் என்று சொன்னால் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் மிச்சம் வைத்தால்தானே அவர்களுக்குத் தெரியும்.